லயமும் முற்றமும்: பல்கலைக்கழக மாணவர் விடுதியின் அமைப்பு வரலாறு

மலாயாவின் உயர்கல்வியை ஆராய்வதற்காக 1947ஆம் ஆண்டு ஓர் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. இலண்டன் பொருளியல் கல்லூரியின் இயக்குநராக விளங்கிய சர் அலெக்சாண்டர் கார்-சாண்டர்ஸ் அதற்குத் தலைமை ஏற்றார். சிங்கப்பூரில் இயங்கிவந்த ஏழாம் எட்வர்டு மன்னர் மருத்துவக் கல்லூரியையும் இராஃபிள்ஸ் கல்லூரியையும் இணைத்து ஒரு பல்கலைக்கழகம் நிறுவலாம் என்று 1948இல் அக்குழு பரிந்துரைத்தது. அதன்படி 1949 அக்டோபர் 8ஆம் நாள் மலாயாப் பல்கலைக்கழகம் தோன்றிற்று. இவை அவையோர் அறிந்த செய்திகள்.

அக்குழு கூறிய மற்றொரு செய்தி நம் மாநிலத்தவர்க்கே அவ்வளவாக நினைவில் இல்லை. பல்கலைக்கழகத்தின் நிலையான இருப்பிடம் ஜொகூர் பாருவில் அமைய வேண்டும் என்பதும், அது மாணவர் தங்கிப் பயிலும் உறைவிடப் பல்கலைக்கழகமாக விளங்க வேண்டும் என்பதுமே அச்செய்தி. 1950களில் அத்திட்டம் கைவிடப்பட்டது. ஜொகூர் நீரிணையின் கரையில் எழுந்திருக்க வேண்டிய அந்த விடுதிகள் எழவில்லை.

எழாத கட்டடத்திற்கு வரலாறு உண்டோ என வினவலாம். அக்கட்டடம் எவ்வடிவில் எழுந்திருக்கும் என்னும் வினாவுக்கு வரலாறு உண்டு. விடுதியின் தளக்கோலம், அதாவது அதன் அறைகளும் வழிகளும் பொது இடங்களும் அமைந்துள்ள முறை, அங்கு வாழ்வோர் யாரை, எங்கே, எத்தனை முறை சந்திப்பர் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது. மலேசியத் தமிழராகிய நமக்கு இவ்வகையில் இரண்டு முன்வடிவங்கள் பழக்கமானவை. ஒன்று முற்றத்தைச் சூழ்ந்த உறைவிடம். மற்றொன்று தோட்டத்து லயம். நாம் கட்டும் மாணவர் விடுதி இவ்விரண்டனுள் எதன் வழித்தோன்றல் என்பதே இவ்வுரையின் பொருள்.

சொல் காட்டும் இடம்

‘பள்ளி’ என்னும் தமிழ்ச்சொல் முதற்கண் கல்வி நிலையத்தைக் குறித்ததன்று. துயிலும் இடம், துறவியர் உறையும் இடம் என்பனவே அதன் முற்பட்ட பொருள்கள். ‘பள்ளியறை’, ‘பள்ளியெழுச்சி’ ஆகிய வழக்குகளில் அப்பழம்பொருள் இன்றும் வாழ்கிறது. மதுரையை அடுத்த மாங்குளத்துத் தமிழிக் கல்வெட்டுகளில், சமண முனிவர்க்கு அமைத்துக் கொடுத்த குகை உறைவிடம் இச்சொல்லாலேயே சுட்டப்படுகிறது. புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசலில், ஏழடிப்பட்டம் எனப்படும் இயற்கைக் குகையில் 17 கற்படுக்கைகள் செதுக்கப்பட்டுள்ளன. தமிழ் நிலத்தில் இன்றும் காணக்கூடிய மிகப் பழைய கூட்டு உறைவிடங்களுள் அதுவும் ஒன்று. இத்தகைய இடங்களில் உறைதலும் கற்றலும் ஒருங்கே நிகழ்ந்தமையால், உறைவிடத்தின் பெயர் நாளடைவில் கல்வி நிலையத்தின் பெயராயிற்று. தமிழில் தங்குமிடம் முந்தியது, வகுப்பறை பிந்தியது.

பௌத்தரின் விகாரமும் அத்தகையதே. நாலந்தாவில் அகழ்ந்து காணப்பட்ட விகாரங்களின் தளக்கோலம் தெளிவானது: நடுவே முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், தாழ்வாரத்தை நோக்கித் திறக்கும் சிற்றறைகள். ஒருவர் தம் அறையை விட்டு வெளியே அடி வைத்தால் அவர் பிறர் பார்வையில் இருப்பார். பிறரும் அவர் பார்வையில் இருப்பர். கடாரத்தை ஆண்ட ஸ்ரீவிஜய மன்னர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூளாமணி விகாரத்திற்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்தான். மலாய் உலகும் தமிழுலகும் சேர்ந்து பேணிய உறைவிடம் என்ற முறையில் அது நம் நினைவுக்கு உரியது.

விடுதி நடத்துவதன் செலவுக் கணக்கும் நம் கல்வெட்டுகளில் உண்டு. முதலாம் இராசேந்திரன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டு 340 மாணவர்களையும் 14 ஆசிரியர்களையும் குறிப்பிடுகிறது. இளநிலை மாணவர் 270 பேருக்கு நாளொன்றுக்கு ஆளுக்கு ஆறு நாழி நெல். முதுநிலை மாணவர் 70 பேருக்கு ஒரு குறுணி இரு நாழி. வீரராசேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு, மாணவர் விடுதியோடு 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையையும் பேசுகிறது. ஒன்பதாம் நூற்றாண்டைச் சார்ந்த பார்த்திவசேகரபுரத்துச் சாலை 95 மாணவர்க்கு இடம் வகுத்ததோடு, அவர்தம் ஒழுக்க விதிகளையும் செப்பேட்டில் பொறித்தது. இவை வேதக் கல்விக்கென, பிறப்பால் வரையறுக்கப்பட்ட சிலருக்கென அமைந்தவை என்பதையும் மறைத்தல் ஆகாது. எல்லார்க்கும் திறந்த விடுதி பிற்காலத்தது.

மலாய் மொழி வழங்கும் சொற்களும் பொருள் பொதிந்தவை. மாணவர் விடுதியைக் குறிக்கும் ‘அஸ்ராமா’, நாம் ஆசிரமம் என வழங்கும் வடசொல்லே. பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் தன் விடுதிகளை ‘டேசாசிஸ்வா’ என்கிறது; அதன் ஈற்றுப் பகுதி சிஷ்யன் என்பதோடு உறவுடையது. ‘கெடியாமான்’ என்னும் சொல்லின் அடி ‘டியாம்’. அதற்கு உறைதல் என்றும் அமைதியாய் இருத்தல் என்றும் இரு பொருள் உண்டு. உறைவிடத்தில் அமைதி எவ்வளவு வேண்டும், பேச்சு எவ்வளவு வேண்டும் என்பதே விடுதியைக் கட்டுவோர் முன் எக்காலத்தும் நிற்கும் வினா.

லயம்

மலேசியத் தமிழருட் பெரும்பாலோரின் குடும்ப வரலாற்றில் முதல் கூட்டு உறைவிடம் பள்ளியன்று, லயம். வரிசை எனப் பொருள்படும் ‘லைன்’ என்னும் ஆங்கிலச் சொல் தோட்டத் தமிழில் லயன் என்றும் லயம் என்றும் வழங்கலாயிற்று. அதன் அமைப்பை மூத்தோர் நன்கறிவர். ஒரே நீண்ட கூரை, சுவரைப் பகிர்ந்துகொள்ளும் ஒற்றை அறைகள், முன்னே குறுகிய தாழ்வாரம், பொதுவான தண்ணீர்க் குழாய், பொதுவான கழிப்பிடம், ஒவ்வோர் அறைக்கும் ஓர் எண். சில இடங்களில் இரு வரிசைகள் முதுகோடு முதுகு ஒட்டி நின்றன. அவற்றில் காற்று ஊடுருவ வழியில்லை.

இவ்வடிவம் தற்செயலாக வந்ததன்று. குறைந்த செலவில் மிகுந்த ஆட்களை வைத்தலும், வைகறையில் அவர்களை எழுப்பிப் பெரட்டுக்கு நிறுத்தி எண்ணுதலும், கங்காணி ஒரு முனையில் நின்று மறுமுனை வரை காணுதலும் அதன் நோக்கங்கள். அங்கே கூடுவதற்கென ஓரிடம் வரையப்படவில்லை. எனினும் அங்கு வாழ்ந்தோர் கூடினர். கோயில் எழுப்பினர், தமிழ்ப்பள்ளி நடத்தினர், குறுகிய தாழ்வாரத்திலேயே கதை சொல்லினர். அவ்வாழ்வு அம்மக்களின் ஆக்கம். கட்டட வரைபடம் அதற்கு உதவவில்லை. இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளாதவர், லயத்தில் ஒற்றுமை இருந்தது எனப் பாராட்டி, லயத்தின் அமைப்பையே பாராட்டிவிடும் பிழைக்கு ஆளாவர்.

படிக்கட்டும் நடையும்

மலாயாவுக்கு வந்த பல்கலைக்கழக விடுதி ஆங்கில மரபினது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் கல்லூரிகளின் பழைய வடிவம் நாற்புறமும் கட்டடம் சூழ்ந்த முற்றம். முற்றத்திலிருந்து ஆங்காங்கே படிக்கட்டுகள் மேலேறும்; ஒவ்வொரு படிக்கட்டிலும் சில அறைகளே இருக்கும். ஒரு படிக்கட்டைச் சேர்ந்தோர் ஒருவரையொருவர் அறியாதிருக்க இயலாது. உணவுக்கூடம் ஒன்றே, அங்கே மாணவரும் ஆசிரியரும் ஒரே கூரையின்கீழ் உண்பர்.

மற்றோர் அமைப்பு நீண்ட நடை. நடுவே வழி, அதன் பக்கங்களில் அறைகள். பெண்களுக்கென அமைந்த கேம்பிரிட்ஜ் கிர்ட்டன் கல்லூரிக்கு 1870களில் ஆல்ஃபிரட் வாட்டர்ஹவுஸ் வரைந்த கட்டடம், படிக்கட்டு முறையை விடுத்து இந்நடை முறையை மேற்கொண்டது. மழையிலும் குளிரிலும் வெளியே செல்லாமல் ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குச் செல்லலாம், மேற்பார்வையும் எளிது. பின்னர் உலகெங்கும் கட்டப்பட்ட விடுதிகளில் இம்முறையே மிகுந்தது. அதற்குக் காரணம் சிக்கனம். பல படிக்கட்டுகளுக்கு ஈடாக ஒரு நடையும் இரு படிக்கட்டுகளும் போதும்.

வெப்ப நாட்டில் இவ்வடிவங்கள் மாற வேண்டியிருந்தது. சிங்கப்பூர் புக்கிட் தீமாவில் இராஃபிள்ஸ் கல்லூரிக்குச் சிரில் ஃபேரி, கிரகாம் டாபர்ன் ஆகிய கட்டடக் கலைஞர் இருவர் வகுத்த வரைபடம் புல்வெளி முற்றங்களையும், அவற்றைச் சூழ்ந்த திறந்த வளைவுத் தாழ்வாரங்களையும் கொண்டது. வெயிலையும் மழையையும் தாழ்வாரம் தடுக்கும். காற்றை முற்றம் தரும். நம் பழைய முற்றத்து வீடுகளை அறிந்தவர்க்கு இதில் புதுமை இல்லை.

இரண்டாம் உலகப் போரின் இறுதிக்காலத்தில், குடியேற்ற நாடுகளின் உயர்கல்வியை ஆராய்ந்த ஆஸ்குவித் ஆணைக்குழு, அந்நாடுகளின் பல்கலைக்கழகங்கள் உறைவிடத்தோடு கூடியனவாக இருத்தல் வேண்டும் என்று 1945இல் வலியுறுத்தியது. வேறுபட்ட மொழியும் குலமும் ஊரும் உடைய மாணவர் ஒருங்கே வாழ்ந்தாலன்றிப் பொதுவான அறிவுச் சமூகம் தோன்றாது என்பது அக்காலக் கருத்து. அவ்வழியில் 1948இல் தொடங்கிய நைஜீரிய இபாதான் பல்கலைக்கழகக் கல்லூரியின் விடுதிகளை மேக்ஸ்வெல் ஃபிரை, ஜேன் டிரூ இணையர் துளைச்சுவர்களும் மாடங்களும் வைத்துக் காற்றோட்டமாகக் கட்டினர். ஜொகூர் பாருவுக்கான பரிந்துரையும் இதே அலையில் எழுந்தது.

பேராதனை காட்டும் பாடம்

ஜொகூரில் நிகழாதது எவ்வாறு நிகழ்ந்திருக்கும் என்பதை அறிய, அதே பத்தாண்டில் அதே கொள்கையோடு எழுந்த இலங்கைப் பேராதனையைக் காண்டல் தகும். அங்கும் தோட்டத் தொழிலாளர் தமிழர். அங்கும் மொழிகள் பல. அங்கும் இருப்பிடம் பற்றிய நீண்ட விவாதம் இருந்தது.

இலங்கைக்குப் பல்கலைக்கழகம் வேண்டும் என்னும் இயக்கத்தை முன்னின்று நடத்தியவர் சர் பொன்னம்பலம் அருணாசலம். 1906இல் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கத்தின் உயிர்நாடி அவரே. 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. 1942 ஜூலை 1ஆம் நாள் இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அதன் முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ், கண்டியை அடுத்த பேராதனையில் உறைவிடப் பல்கலைக்கழகத்தைக் கட்டி முடிப்பதைத் தம் பணியாகக் கொண்டார். நகரமைப்பு அறிஞர் பாட்ரிக் அபர்குரோம்பியும் கிளிஃபர்டு ஹாலிடேயும் வளாகத் திட்டத்தை வகுத்தனர்; ஷேர்லி த அல்விஸ் தலைமைக் கட்டடக் கலைஞர். 1952 அக்டோபரில் கலைத்துறை மாணவர் கொழும்பிலிருந்து அங்குக் குடிபெயர்ந்தனர்.

ஹந்தானை மலைக்கும் மகாவலி ஆற்றுக்கும் இடையே, முன்னர்த் தேயிலைத் தோட்டமாக இருந்த நிலத்தில், விடுதிகள் ஒன்றிலிருந்து ஒன்று விலகி எழுந்தன. கண்டி மரபைப் பின்பற்றிய சரிந்த கூரைகள், கருங்கல் வேலைப்பாடு, திறந்த தாழ்வாரங்கள், உள்முற்றங்கள் ஆகியவை அவற்றின் இயல்புகள். ஒவ்வொரு விடுதிக்கும் தனி உணவுக்கூடம், தனிப் பொது அறை, பொறுப்பேற்கும் காப்பாளர். விடுதிகளுக்கு எண் இடப்படவில்லை. மாந்தர் பெயர் இடப்பட்டது. அருணாசலம், அவர்தம் தமையனார் இராமநாதன், ஜயதிலக்க, ஜேம்ஸ் பீரிஸ், மார்ஸ், ஹில்டா ஒபயசேகர, சங்கமித்தை என அப்பெயர்கள் தமிழையும் சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் ஒருங்கே ஒலித்தன. லயங்கள் நின்ற மலைநாட்டில், எண்ணுக்கு ஈடாகப் பெயர் தாங்கிய உறைவிடங்கள் எழுந்தமை சிறிய மாற்றம் அன்று.

இவ்வமைப்பின் விளைவைத் தமிழாய்வு உலகம் நன்கறியும். 1950களில் பேராதனையில் பயின்ற கைலாசபதியும் சிவத்தம்பியும் தமிழ்த் திறனாய்வின் போக்கையே மாற்றினர். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் நாட்டுக்கூத்தை மேடைக்கு மீட்டெடுத்தபோது, மட்டக்களப்பு மாணவர் தம் ஊரின் ஆட்டமுறையைக் கொணர்ந்தனர். பிற பகுதி மாணவரும் அவர்களோடு ஆடினர். ‘கர்ணன் போர்’ 1962இல் அரங்கேறியது. ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’ பின்தொடர்ந்தன. வெவ்வேறு வட்டார வழக்குகளைப் பேசுவோர் ஓரிடத்தில் தங்கி, ஓரிடத்தில் உண்டு, இரவில் ஓரிடத்தில் ஒத்திகை நடத்தினாலன்றி இத்தகைய ஆக்கம் அரிது. மாலைப் பேருந்தில் வீடு திரும்பும் மாணவரைக் கொண்டு கூத்துப் பழக்குதல் கடினம். வட்டார வழக்குகள் ஒன்றையொன்று கேட்டுப் பழகும் இடமாகவும் விடுதி விளங்கியது என்பது மொழியியலார் கவனத்திற்கு உரியது.

அதன் குறையையும் கூற வேண்டும். இலவசக் கல்வியும், 1960 முதல் சிங்களம், தமிழ் ஆகியவற்றின் வழியாகக் கிடைத்த பல்கலைக்கழகக் கல்வியும் சிற்றூர் மாணவருக்குக் கதவு திறந்தன. மாணவர் தொகை விரைந்து பெருகியது. சிலருக்கெனத் தாராளமாக வரையப்பட்ட அறைகளில் பலர் நெருங்கித் தங்க நேர்ந்தது. தனிமையும் அமைதியும் குறைந்தன. எனினும் பொது இடங்கள் முன்பே கட்டப்பட்டிருந்தமையால், நெருக்கடியிலும் கூடுவதற்கு இடம் எஞ்சியது. அறை சுருங்கினால் பொறுத்துக்கொள்ளலாம். கூடம் இல்லாமற் போனால் ஈடு செய்ய இயலாது. பேராதனை தரும் பாடம் இதுவே.

மலேசியத் தொடர்ச்சி

மலாயாப் பல்கலைக்கழகம் 1959 ஜனவரியில் சிங்கப்பூர், கோலாலம்பூர் என இரு பிரிவுகளாயிற்று; 1962 ஜனவரி 1 முதல் அவை தனித்தனிப் பல்கலைக்கழகங்கள். கோலாலம்பூர்ப் பந்தாய் பள்ளத்தாக்கின் சரிவுகளில் உறைவிடக் கல்லூரிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. முதலாம் கல்லூரி, இரண்டாம் கல்லூரி, மூன்றாம் கல்லூரி என அவை எண்ணாலேயே அழைக்கப்பட்டன. பெயர்கள் பெற்ற பின்னும் பேச்சு வழக்கில் எண்ணே நிலைத்தது. இலங்கைப் பல்கலைக்கழகத்தில் 1952 முதல் பணியாற்றிய தனிநாயகம் அடிகள் 1961இல் இங்கு வந்து இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கோலாலம்பூரில் கூட்டினார். தோட்டங்களிலிருந்து வந்த முதல் தலைமுறை மாணவர் பலருக்கு அவ்வளாகத்து விடுதி, தமிழ்ப் பேரவை, துறை ஆகிய மூன்றும் சேர்ந்தே பல்கலைக்கழகம் ஆயின. கருத்தரங்கு பகலில் நடந்தது. அதன் தொடர்ச்சி இரவு உணவுக்குப் பின் நடந்தது.

ஜொகூரோ தன் பல்கலைக்கழகத்திற்காகக் காத்திருந்தது. 1972இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமாகி, 1975இல் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் எனப் பெயர் பெற்ற நிறுவனம், 1980களில் ஸ்கூடாயில் பெருவளாகம் கண்டது. அதன் வரைபடம் வட்ட வடிவினது. ‘லிங்காரான் இல்மு’, அதாவது அறிவு வட்டம் எனப்படும் வளையச் சாலைக்குள் கல்விக் கட்டடங்கள். அதற்கு வெளியே உறைவிடக் கல்லூரிகள். துன் ரசாக், துன் ஹுசேன் ஓன், துன் டாக்டர் இஸ்மாயில் முதலியோர் பெயர்களை அவை தாங்கியுள்ளன. பின்னிருவரும் ஜொகூர் பாருவில் பிறந்தவர்கள். கற்கும் இடமும் உறையும் இடமும் இங்கே தனித்தனி வளையங்கள். இடையே வளாகப் பேருந்துகள் ஓடுகின்றன. பல்லாயிரம் மாணவரை ஏற்க வேண்டிய காலத்தின் தீர்வு அது. அதன் பயன் பெரிது. ஆயினும் மாணவன் வகுப்பு முடிந்ததும் திரும்பிச் செல்லும் இடம் எத்தகையது என்னும் வினா இத்தகைய அமைப்பில் இன்னும் கூர்மையாகிறது.

வரைபடத்தை நோக்கிக் கேட்க வேண்டியவை

இன்று நாடெங்கும், நம் மாநிலத்திலும், அரசு விடுதிகளும் தனியார் விடுதிகளும் எழுகின்றன. அவற்றுட் பலவற்றின் மாதிரி ஒன்றே: உயர்ந்த கட்டடம், நீண்ட நடை, இருபுறமும் பூட்டிய கதவுகள், ஒவ்வொரு கதவுக்கும் ஓர் எண், கீழ்த்தளத்தில் காவலர் மேசை. உணவு பொட்டலமாக வாயிலுக்கு வருகிறது. குளிரூட்டி உண்டு, அதிவேக இணையம் உண்டு, கூடுவதற்கு இடம் இல்லை. வசதியில் இது லயத்தினும் எவ்வளவோ உயர்ந்தது. தளக்கோலத்தில் இது லயமே. லயத்திலாவது ஒரு முன்தாழ்வாரம் இருந்தது.

இது தமிழ் பற்றிய செய்தியும் ஆகும். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்று, இடைநிலைப் பள்ளியில் வாரத்திற்குச் சில பாடவேளைகள் தமிழ் கேட்டு, பல்கலைக்கழகத்தில் பொறியியலோ கணக்கியலோ பயிலும் ஒரு மாணவிக்கு, தன் வயதினரோடு தமிழில் விரிவாகப் பேசும் வாய்ப்பு எங்கே கிடைக்கும்? வகுப்பில் இல்லை, நூலகத்தில் பேச்சே இல்லை. எஞ்சியிருப்பது விடுதி. மொழி பாடத்தால் கற்பிக்கப்படலாம். பேச்சால் மட்டுமே வாழும். பேச்சுக்கு இடம் வேண்டும். தமிழருக்கெனத் தனி விடுதி வேண்டும் என்பது என் கருத்தன்று. பல இனத்தவர் சேர்ந்து வாழும் விடுதியில் தமிழும் இயல்பாகக் காதில் விழும் ஒரு பொது இடம் வேண்டும் என்பதே. அங்கே மலாய் மாணவர் தமிழ்ச்சொல் பத்தினைக் கற்பர். தமிழ் மாணவர் கிளந்தான் மலாயின் ஓசையைக் கற்பர்.

ஆதலின், புதிய விடுதி ஒன்றின் வரைபடம் நம் முன் வைக்கப்படும்போது நான்கு வினாக்களை எழுப்புதல் தகும். ஒரு படிக்கட்டையோ சிறு நடையையோ பகிர்வோர் ஒருவரையொருவர் பெயரால் அறியத்தக்க அளவினரா? அறைக்கு வெளியே நின்று பேசும் அகலமும் காற்றும் உடைய தாழ்வாரம் உண்டா? மரக்கறி உண்போரும் ஹலால் உண்போரும் ஒரே கூடத்தில் அமர்ந்து உண்ண வழி உண்டா? இரவில் ஓர் ஒத்திகை, ஒரு சொற்போர், ஒரு வாசிப்பு வட்டம் நடத்த, பிறர் உறக்கத்தைக் கெடுக்காத ஓர் அறை உண்டா? இவற்றுக்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. வரையும்போது நினைத்தால் போதும். கட்டிய பின் சேர்ப்பதே கடினம்.

மொழி அமைப்புகள் பாடநூல், தேர்வு, ஆசிரியர் நியமனம் ஆகியவை குறித்து விண்ணப்பம் அளிப்பது வழக்கம். அவை வேண்டியனவே. அவ்வரிசையில் விடுதியின் தளக்கோலத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1948இல் ஜொகூருக்கென முன்மொழியப்பட்டது வெறும் தங்குமிடம் அன்று. கூடி வாழ்ந்து கற்கும் இடம். அக்கட்டடம் எழவில்லை. அக்கருத்து இன்னும் காலாவதி ஆகவில்லை. அடுத்து எழும் விடுதியிலேனும் அதற்கு ஒரு முற்றம் கிடைக்க வேண்டும்.